காம்ஃப்ரே: சுளுக்குக்குத் தடவலாமா, தேநீராகக் குடிக்கலாமா?

கேள்வி

கணுக்கால் சுளுக்குக்குக் காம்ஃப்ரே என்ற மூலிகைச் செடியின் வேர்க் களிம்பு நன்றாகக் கேட்கும் என்று ஐரோப்பிய மூலிகைக் குறிப்புகளில் பார்க்கிறேன். அதே செடியின் இலையைத் தேநீர் போட்டுக் குடித்தால் முறிந்த எலும்பு சீக்கிரம் கூடும் என்றும் எழுதுகிறார்கள். இதில் சோதித்துப் பார்த்தது எது, வெறும் நம்பிக்கை எது? தோட்டத்துச் செடியை வைத்து வீட்டிலேயே களிம்பு காய்ச்சலாமா?

பதில் 1 (வேர்க்கட்டு)

குடிக்கவே கூடாது. இலையோ வேரோ, எந்த அளவிலும் வேண்டாம்.

காம்ஃப்ரேயில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருட்கள் இருக்கின்றன: லைகோப்சமைன், சிம்ஃபைட்டின், எக்கிமிடின் போன்றவை. இலையைவிட வேரில் அதிகம். இவை செடியில் இருக்கும் வடிவத்தில் அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை. கல்லீரல் நொதிகள் மாற்றியமைத்த பிறகுதான் நஞ்சாகின்றன. அப்படி உருவான பொருள் அங்கேயே புரதங்களிலும் டி.என்.ஏ.விலும் ஒட்டிக்கொண்டு, கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரை அரிக்கிறது. குழாய் அடைபட்டால் கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது தவறு. வெந்நீர் அதைச் சாற்றில் இறக்கித்தான் கொடுக்கும். எலிகளுக்கு இலையும் வேரும் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது கல்லீரல் கட்டிகள் வந்ததை 1978-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2001-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., காம்ஃப்ரே சேர்ந்த உட்கொள்ளும் பொருட்களைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது.

குடித்தால் எலும்பு கூடும் என்பதற்கு நம்பத்தக்க மனிதச் சோதனை கிடையாது. பலன் இல்லாத ஒன்றுக்காகக் கல்லீரலைப் பணயம் வைப்பானேன்?

பதில் 2 (களிம்புப்பெட்டி)

தடவுவது வேறு விஷயம், அதற்குச் சான்று இருக்கிறது. 2004-ல் கணுக்கால் சுளுக்குள்ள 142 பேரிடம் வேர்ச்சாற்றுக் களிம்பையும் வெற்றுக் களிம்பையும் ஒப்பிட்டார்கள். வலியும் வீக்கமும் வேர்ச்சாற்றில்தான் சீக்கிரம் இறங்கின. 2005-ல் 164 பேரிடம் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஜெல்லோடு ஏழு நாள் ஒப்பிட்டதில், காம்ஃப்ரே எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. ஆனால் இந்த இரண்டாவதில் எது எந்த மருந்து என்று நோயாளிக்கு மறைக்கவில்லை, அதனால் வலி மதிப்பெண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கிறேன். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் சோதனைகள் உண்டு. பெரும்பாலானவை தயாரிப்பாளர் செலவில் நடந்தவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சோதனைகளில் பயன்படுத்தியது ஆல்கலாய்டை நீக்கிய சாறு. அந்த முடிவைத் தோட்டத்து வேருக்கு நேரே பொருத்த முடியாது.

தடவும் முறை: ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, சுமார் 6 செ.மீ. நீளம் பிதுக்கி மெல்லத் தேய்க்கவும். பத்து நாளுக்கு மேல் வேண்டாம். சிராய்ப்பு, வெட்டு, எக்ஸிமா உள்ள தோலில் தடவக் கூடாது. கிழியாத தோல் வழியாக ஆல்கலாய்டு மிகக் கொஞ்சமே உள்ளே போகும், தோல் கிழிந்திருந்தால் அந்தக் காவல் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். ஜெர்மனியில் பூச்சு மருந்துக்கு ஒரு நாள் உச்சவரம்பு 100 மைக்ரோகிராம் ஆல்கலாய்டு, அதுவும் ஆண்டுக்கு ஆறு வாரம் வரைதான். உட்கொள்வதற்கோ 1 மைக்ரோகிராம். இந்த இடைவெளியே போதிய எச்சரிக்கை.

சுளுக்கு என்று நினைத்தது முறிவாகவும் இருக்கலாம். கால் ஊன்றி நாலு அடி நடக்க முடியாவிட்டால், கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலித்தால், முதலில் எக்ஸ்ரே.

பதில் 3 (இலைநரம்பு)

வீட்டுக் களிம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆல்கலாய்டு அளவு செடிக்குச் செடி மாறும், இளம் இலையில் முதிர்ந்ததைவிட அதிகம். கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. பல தோட்டங்களில் உரத்துக்காக வளர்ப்பது ரஷ்யக் காம்ஃப்ரே என்னும் கலப்பினம், அதில் கடுமையான எக்கிமிடின் கூடுதலாக இருக்கும். ஈரம் போகாத இலையை எண்ணெயில் ஊறவைத்தால் பூஞ்சை பிடிப்பது தனிக் கதை.

இதைவிட அவசரமான ஆபத்து ஆள்மாறாட்டம். பூக்காத பருவத்தில் ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச் செடியின் இலை காம்ஃப்ரே மாதிரியே இருக்கும். தடவிப் பாருங்கள்: காம்ஃப்ரே சொரசொரவென்று குத்தும், விளிம்பில் பல் இருக்காது. ஃபாக்ஸ்குளோவ் மெத்தென்று பஞ்சுபோல் இருக்கும், விளிம்பு நெடுக நுண்ணிய பற்கள். அதைத் தவறிக் குடித்தால் வாந்தி, நாடி தளர்வு, பார்வை மஞ்சளாகத் தெரிவது என்று தொடங்கி இதயத் துடிப்பே தடுமாறும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஒருவர் ஏற்கெனவே சில வாரம் தேநீர் குடித்திருந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில் 4 (வேர்க்கட்டு)

உடனே நிறுத்த வேண்டும், முறிமருந்து கிடையாது. மருத்துவரிடம் செடியின் பெயரையும் எத்தனை நாள் குடித்தார் என்பதையும் சொல்லி, கல்லீரல் பரிசோதனை எடுக்க வேண்டும். வலது விலாவுக்குக் கீழ் வலி, வயிறு உப்பல், திடீர் எடைக் கூடுதல், மஞ்சள் காமாலை இருந்தால் அன்றே மருத்துவமனை, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படும். அதுவரை மதுவும், மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமாலும் வேண்டாம். ஒரு பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்; பாதிப்பு தாமதமாகவும் வெளிப்படும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும்.