'டிராகோனியன்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம்?

நண்பர்களே, மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 'டிராகோனியன் தண்டனை' என்று வருகிறது. 'கடுமையான தண்டனை' என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது.

சொல்லின் கதை சுவையானது. கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸ் நகருக்குச் சட்டங்களை எழுத்தில் வகுத்துக் கொடுத்தவர் டிராகோ. தோட்டத்தில் காய், பழம் திருடியவனுக்கும் மரணம், கொலைகாரனுக்கும் மரணம் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். அந்தச் சட்டங்கள் மையால் அல்ல, ரத்தத்தால் எழுதப்பட்டவை என்று பிற்காலத்தில் ஏதென்ஸ் பேச்சாளர் டெமேடஸ் சொன்னதாகவும் குறிக்கிறார். கி.மு. 594 வாக்கில் ஏதென்ஸின் இன்னொரு சட்டமியற்றுநர் சோலோன் வந்து, கொலை பற்றிய சட்டங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீக்கினார். கிரேக்கத்தில் 'டிராகோன்' என்றால் பெரும்பாம்பு. பொருத்தமான பெயர்தான், ஆனால் சொல் பிறந்தது பாம்பிலிருந்து அல்ல, ஆளிடமிருந்து.

'கொடுங்கோல்' என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. அது ஆள்பவனின் கோல் வளைந்ததைச் சொல்கிறது. இங்கே கோல் வளையவில்லை, எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமில்லை என்பதுதான் சிக்கல்.

குறளில் 'கையிகந்த தண்டம்' என்று வருகிறதே (567), அளவு மீறிய தண்டனை என்ற பொருளில். எனக்கு அதுவே கச்சிதமாகப் படுகிறது. ஆனால் இன்றைய செய்திக் கட்டுரையில் வாசகர் தடுக்கி விழுவாரோ? 'வரைமீறிய தண்டனை' எப்படி? வேறு சொல் இருந்தால், ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்களேன்.