1820 மிசூரி சமரசம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் எப்படி நிறைவேறியது?

கேள்வி:
மிசூரிக்குள் இனி அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, அங்கே பிறக்கும் அடிமைக் குழந்தைகளுக்கு 25 வயதில் விடுதலை என்ற டால்மேட்ஜ் திருத்தம் 1819-இல் பிரதிநிதிகள் சபையில் தேறியது, செனட்டில் விழுந்தது. சபையில் வடக்கின் கைதான் ஓங்கியிருந்தது. அப்படியிருக்க, மறு ஆண்டே மிசூரி அடிமை மாநிலமாகச் சேர வழி பிறந்தது எப்படி?

பதில் 1:
மசோதாவைப் பிரித்ததால்தான். மெய்ன் (அடிமைமுறை இல்லாத மாநிலமாக), மிசூரி (அடிமை மாநிலமாக), 36°30' கோடு (மிசூரி தவிர, அந்த அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறைக்குத் தடை) மூன்றையும் செனட் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியது. சபை அதை ஏற்கவில்லை. பிறகு தனித்தனியாக வாக்கெடுத்தார்கள். மிசூரியில் அடிமைமுறைக்கு விதித்த தடையை நீக்க 90–87. வடக்கு உறுப்பினர்கள் 14 பேர் தெற்கோடு சேர்ந்ததால் வந்த வெற்றி அது. கோட்டுக்கு 134–42, எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர். முழுச் சமரசத்தையும் விரும்பிய பெரும்பான்மை என்று ஒன்று சபையில் இருந்ததில்லை.

பதில் 2:
மெய்னை மறக்க வேண்டாம். அது அப்போது மாசசூசெட்ஸின் பகுதி. பிரிந்துபோக அந்த மாநிலம் கொடுத்த கெடு 1820 மார்ச் 4. அதற்குள் காங்கிரஸ் சம்மதிக்காவிட்டால் பிரிவினையே ரத்து. 1819 டிசம்பரில் அலபாமா சேர்ந்து அடிமை மாநிலம், அடிமைமுறை இல்லாத மாநிலம் கணக்கு 11–11 ஆகியிருந்ததால், மிசூரி இல்லாமல் மெய்னை விட செனட்டில் தெற்கு தயாராக இல்லை. வடக்கின் கழுத்துக்கு அந்தக் கெடுதான் கயிறு.

பதில் 3:
சபாநாயகர் ஹென்றி கிளேயின் சாமர்த்தியமும் உண்டு. வாக்கெடுப்புக்கு மறுநாள் மார்ச் 3, மறுவாக்கெடுப்பு கேட்டு, சமரசத்தை எதிர்த்த தெற்கத்திய உறுப்பினர் ஜான் ராண்டால்ஃப் எழுந்தார். வழக்கமான அலுவல் முடியட்டும் என்று கிளே தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில் மசோதா செனட்டுக்குப் போய்விட்டது. பிறகென்ன, காலம் கடந்துவிட்டது என்று தீர்ப்பு!

கேள்வி கேட்டவர்:
அடிமைமுறை பற்றிய 1850 சமரசத்திலும் இதே உத்தியா?

பதில் 1:
அதேதான். கிளேயின் ஒட்டுமொத்த மசோதா ஜூலை இறுதியில் சிதறியது. செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் அதை ஐந்து சட்டங்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கூட்டணி பிடித்தார். ஆனால் பிரச்சினை எழுந்த காரணம் வேறு. 36°30' கோடு பசிபிக் வரை ஓடியதுபோலப் பலர் நினைக்கிறார்கள். அது லூசியானா வாங்கலில் (1803-இல் பிரான்சிடமிருந்து வாங்கியது) வந்த நிலத்துக்கு மட்டும். மெக்சிகோவிடமிருந்து 1848-இல் பெற்ற கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோவுக்கு அது செல்லாது. பழைய நிலத்தில் இருந்த கோட்டையும் 1854-இல் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் அழித்தது; கொண்டுவந்தவர் அதே டக்ளஸ்.