பேஸ் கிட்டார் கம்பியை அவிச்சுப் பாத்தவங்க இருக்கீங்களா?

நாலுகம்பி, நாகர்கோவில்

ஒரே கேள்விதான். ஆனா கதையோட சொன்னாத்தான் புரியும். ரெண்டு வருஷமா மனசுல கெடக்கு.

டிசம்பர் கடைசி வாரம். 45-105 தடிமன் நிக்கல் கம்பி செட், மாட்டி எட்டு மாசம். கேரல் ரவுண்டுல பத்து நாள் வாசிச்சதுல ஈ ஸ்ட்ரிங், அதான் இருக்கதுலயே தடிச்ச கம்பி, நனஞ்ச சாக்குல அடிச்ச மாதிரி 'தொப்பு தொப்பு'ன்னு ஆயிட்டு. புது செட்டுக்குக் கையில காசு இல்ல. அவிச்சா உயிர் வரும்னு எல்லாரும் சொல்லுவாங்கல்லா, அதுதான். பால் காய்ச்சுற குண்டான்ல தண்ணி வச்சு நாலு கம்பியையும் சுருட்டிப் போட்டு பத்து நிமிஷம். தண்ணி கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்து, மேல எண்ணெ மிதந்துச்சு. அம்புட்டும் என் விரல் அழுக்கு. அம்மா எட்டிப் பாத்துட்டு "என்னல, பாம்பு அவிக்கியா?"ன்னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் கணீர்னு இருந்துச்சு. மூணாம் நாள் மறுபடி தொப்பு. திரும்ப கழட்டி, திரும்ப அவிச்சு, திரும்ப மாட்டினேன். 31ஆம் தேதி ராத்திரி ஆராதனை. பன்னெண்டு மணி, கோயில் மணி அடிக்குது, எல்லாரும் எந்திரிச்சுப் பாட்டு. முதல் வரியிலேயே ஈ ஸ்ட்ரிங் 'டப்'. தொங்குற கம்பியப் புடிச்சிட்டு அப்படியே நிக்கேன். நாலு சரணமும் முடிஞ்சு ஆமென் சொல்லியாச்சு. கொயர் மாஸ்டர்கூட திரும்பிப் பாக்கல. பேஸ் நின்னது ஒருத்தருக்கும் தெரியல.

அவிச்சதாலயா அறுந்துச்சு?

ஸ்பிரிட்பார்ட்டி, சென்னை

அவிக்கிறதே தப்பு பாஸ். தண்ணி வைண்டிங்குக்கு, அதாவது கம்பி மேல சுத்தியிருக்கிற கம்பிக்கு, அடியில போய் உக்காந்துக்கும். மேல தொடைச்சா உள்ள காயுமா? துரு அங்கதான் ஆரம்பிக்கும். ஸ்பிரிட்னா கொழுப்பைக் கரைச்சிட்டு தானா ஆவியாயிடும்.

என் கதை வேற. நாலடி பிவிசி பைப், ரெண்டு பக்கமும் மூடி, மெடிக்கல்ல வாங்கின சர்ஜிக்கல் ஸ்பிரிட். மேல் மூடி கழட்டுற மாதிரி இருக்கணும், கீழ் மூடியைப் பசை போட்டு ஒட்டணும். பசை வாங்க சோம்பேறித்தனப்பட்டு டேப் சுத்திட்டேன். ராத்திரி ஊறட்டும்னு ரூம் மூலையில சாத்தி வெச்சேன். அதே மூலையிலதான் பேஸும். காலையில தூக்குறேன், வர மாட்டேங்குது. தரையோட ஒட்டிக்கிச்சு. இழுத்ததும் 'சர்ர்க்'னு ஒரு சத்தம். அடி விளிம்புல பாலிஷ் வெள்ளையா பூத்து உரிஞ்சு வந்திருச்சு. தேமல் மாதிரி இன்னும் இருக்கு. கம்பி மட்டும் பளபளன்னு ஒரு மாசம் பாடிச்சு, அதை ஒத்துக்கணும்.

பழையமேடை, மதுரை

நீங்களெல்லாம் ஸ்பிரிட், பைப் என்கிறீர்கள். 84, 85-ல் எங்கள் மெல்லிசைக் குழுவில் மண்ணெண்ணெய்தான். பழைய வேட்டித் துணியில் தோய்த்து ஒரு இழுப்பு. திருவிழாக் கச்சேரி முடிந்து ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தால் சால்னாவைத் தாண்டி விரலில் சீமெண்ணெய் வாடைதான் வரும். வேறு வழியில்லை. ஒரு செட் வேண்டுமென்றால் மெட்ராஸுக்கு ஆள் போக வேண்டும், இல்லை சிங்கப்பூரிலிருந்து யாராவது வர வேண்டும்.

அப்படித்தான் ஒருவர் எங்கள் கச்சேரியைக் கேட்டுவிட்டு, அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு செட் கொண்டுவந்து கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நல்ல கச்சேரிக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தேன். எந்தக் கச்சேரியும் அதற்குத் தகுந்ததாகப் படவில்லை. குழு கலைந்தது, எனக்கு வேலை கிடைத்தது, பேஸை விற்றாயிற்று. சென்ற பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்தபோது அந்தக் காகித உறை கிடைத்தது. பிரித்தேன். நான்கும் பழுப்பாகத் துருவேறிக் கிடந்தன. ஒருவர் விரலும் படாத கம்பி.

ட்ரஸ்ராட், கோவை

எனக்கும் ஒரு தடவை அறுந்திருக்கு, ரிகர்சல்ல, அதை விடுங்க. ஸ்பிரிட்பார்ட்டி சொன்னதும் பாதிதான் சரி. கம்பி ஏன் சாகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ரவுண்ட்வவுண்ட்ல, அதாவது மேல உருண்டைக் கம்பி சுத்தின செட்டுல, சுத்துக்குச் சுத்து நடுவுல பள்ளம். வேர்வை, எண்ணெ, செத்த தோல் எல்லாம் அதுல போய் அடையும். அப்புறம் கம்பியோட எடை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. மேல்ஸ்தாயி ஓவர்டோன் எல்லாம் அமுங்கிப் போய் அடி நோட்டு மட்டும் மொத்தையா கேக்கும். ஆனா அழுக்கு மட்டும் காரணம் இல்லீங்க. நெக்குல குறுக்க பதிச்சிருக்கிற ஃப்ரெட் படுற இடத்துல கம்பிக்கு அடியில பள்ளம் விழுந்திருக்கும், நகத்தால தடவிப் பாருங்க. அது விழுந்துட்டா பன்னீர்ல அவிச்சாலும் வராது. பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஸ்ருதி சேரலீனா செட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வாசிக்கிறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. பஜ்ஜி தின்ன கையோட எடுக்காதீங்க. முடிச்சதும் துணியைக் கம்பிக்கு அடியில கொடுத்து கீழ்ப்பக்கமும் இழுங்க, எல்லாரும் மேல மட்டும்தான் தொடைக்கிறாங்க. கழட்டுறப்ப நாலையும் ஒரே நேரத்துல லூஸ் பண்ணிப் பல நாள் போடாதீங்க, நெக்கோட வளைவு மாறும். சில கம்பிக்கு வைண்டிங்குக்கு உள்ள இருக்கிற நடுக்கம்பி உருண்டையா இருக்கும். அதை வளைக்காம வெட்டினா வைண்டிங் நழுவிரும். புளி, எலுமிச்சை பக்கமே போகாதீங்க. அது பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. இது இரும்புக்கு மேல நிக்கல் முலாம், தேஞ்ச இடத்துல புளிப்புப் பட்டா துருதான். தேங்காண்ணெயும் வேண்டாம், அழுக்கை இன்னும் நல்லாப் புடிச்சு வெச்சுக்கும். ஸ்பிரிட் வெச்சிருக்கிற ரூம்ல ஊதுவத்தி கொளுத்தாதீங்க. கோட்டிங் போட்ட கம்பி விலை அதிகம்தான், ஆனா நம்ம வேர்வைக்கு அது நிக்கும். இவ்வளவும் கஷ்டம்னா, மோட்டவுன் பாட்டுக்கெல்லாம் பேஸ் வாசிச்ச ஜேமர்சன் மாதிரி மாத்தாமயே விட்டுருங்க. அறுந்தாத்தான் அந்த மனுசன் மாத்துவாரு.

கீழ்ஸ்தாயி, ஸ்கார்பரோ

ட்ரஸ்ராட், கடைசியாச் சொன்னது பிழை. ஜேமர்சன் போட்டது லபெல்லா கொம்பனியின்ர ஃப்ளாட்வவுண்ட், 52இல இருந்து 110 வரைக்கும் தடிச்ச செட். வெளியில பட்டையான நாடா சுத்தின கம்பி, ஊத்தை போய் அடையிறதுக்குப் பள்ளமே குறைவு. போதாததுக்குப் பிரிட்ஜ் மூடிக்குக் கீழ நுரைப்பஞ்சு வேற. அந்த மனிசனுக்குக் கணீர் எண்ட சத்தம் தேவையே இல்லை. உங்கட எட்டு மாத ரவுண்ட்வவுண்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

இஞ்சயிருந்து டிட்ரோயிட் நாலு மணித்தியால ஓட்டம். ஒருக்காப் போய் ஹிட்ஸ்வில்லைப் பார்த்தன். மோட்டவுன் இசைத்தட்டுக் கொம்பனியின்ர பாட்டுகள் பதிஞ்ச ஸ்டூடியோ ஏ, ஒரு வீட்டுக்குப் பின்னால இருக்கிற சின்ன அறை. நான் போன நேரம் முழுக்க ஜேமர்சன்ர அந்த 62ஆம் ஆண்டு ப்ரெசிஷன் பேஸைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான். 1983இல அவர் சாகிறதுக்குச் சில நாளுக்கு முன்னம் அதைக் களவெடுத்திட்டாங்கள். எடுத்தவன் முதல் வேலையா அந்தப் பழங் கம்பியக் கழட்டி எறிஞ்சிருப்பான் எண்டதுதான் எனக்கு இண்டைக்கும் தாங்கேலாமல் கிடக்கு.

ட்ரஸ்ராட், கோவை

ஃப்ளாட்வவுண்ட்னு நான் சொல்லாம விட்டது என் தப்புதான். ஆனா மாத்தலைங்கறது உண்மைதானுங்களே?

சும்மாவந்தேன், திருச்சி

நான் செஞ்ச பாவம் இங்க இல்லாததால சொல்றேன். கண்ணாடிக் கடையில அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கும்ல, ஃப்ரேமைப் போட்டா 'ங்ங்ங்'னு கத்துமே, அது. கடைப் பையன் தெரிஞ்சவன். ஈ ஸ்ட்ரிங்கைச் சுருட்டி உள்ள வச்சான். அரை நிமிஷத்துல கம்பியில இருந்து கறுப்புப் புகை மாதிரி கிளம்பிச்சு. நீலத் தண்ணி டிகாக்‌ஷன் ஆயிருச்சு. ரெண்டு பேரும் பேசாமப் பாத்துக்கிட்டே நின்னோம். அப்ப ஒரு பெரியவர் வந்து கண்ணாடியக் கழட்டி நீட்டினார். பையன் என்னைப் பாத்தான். பாத்துட்டு அதே தண்ணியில போட்டுட்டான். தொடைச்சுக் குடுத்ததும் "இப்பத்தான்ப்பா தெளிவா தெரியுது"ன்னுட்டுப் போனார்.

கம்பி? ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு.

நாலுகம்பி, நாகர்கோவில்

எல்லாரும் எல்லாம் சொல்லியாச்சு. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல.

பழையமேடை, மதுரை

தம்பி, எந்த இடத்தில் அறுந்தது?

நாலுகம்பி, நாகர்கோவில்

மேல, ஸ்ருதி முறுக்குற கீயில சுத்துற வளைவுலண்ணே.

பழையமேடை, மதுரை

அப்படியானால் அவித்ததில் இல்லை. ஒரே வளைவை நிமிர்த்தி, மறுபடி மடக்கி, ஒரே வாரத்தில் இரண்டு தடவை. சாவிக்கொத்துக் கம்பியை அப்படி ஆட்டினாலே ஒடிந்துவிடும். தூர எறிந்துவிட்டாயா?

நாலுகம்பி, நாகர்கோவில்

இல்லண்ணே. அம்மா அதுலதான் மணிபிளாண்டக் கட்டி ஜன்னல்ல ஏத்திவிட்டிருக்காங்க. இதுவர துரு புடிக்கல.