ஃபேமிகாம் (நின்டெண்டோவின் பழைய டிவி கேம்) நகல் மெஷினில் ஓட்டினால் பாட்டு இழுக்கிறது, சுருதியும் இறங்குகிறது. யாராவது உதவுங்கள்

சைதை கிட்டார்:
எங்கள் பேண்டின் முதல் ஆல்பம். ராக்தான், ஆனால் லீட் மெலடி எல்லாம் சின்ன வயதில் ஆடிய கேட்ரிட்ஜ் கேம் மாதிரி கேட்க வேண்டும். ஃபேமிட்ராக்கர் என்ற இசை மென்பொருளில் 150 பிபிஎம் வேகம் வைத்துப் போட்டேன், எமுலேட்டரில் (கணினியில் அந்த மெஷின் மாதிரி ஓடும் மென்பொருள்) அருமையாக இருக்கிறது. அதையே ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய டிவி கேம் மெஷினில் ஓட்டி ரெக்கார்டு செய்தால் பாட்டு சவசவ என்று இழுக்கிறது, ட்ரம்மர் கடுப்பாகிவிட்டார். சவுண்ட் கார்டில் சாம்பிள் ரேட் தகராறா?

போரூர் பேஸ்:
சாம்பிள் ரேட் என்றால் வேகமும் சுருதியும் ஒரே விகிதத்தில் இறங்கும் ப்ரோ. எது எவ்வளவு இறங்கியது?

சைதை கிட்டார்:
வேகம் 125. சுருதி ட்யூனரில் 16 சென்ட்தான் கீழே (ஒரு சென்ட் என்றால் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு).

எட்டு பிட் மாமா:
அப்போது கார்டு மேல் தப்பில்லை தம்பி. ஜப்பான், அமெரிக்க மெஷின் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும், நம் ஊர் டிவி பால் (PAL) முறை, அதனால் இந்த நகல் மெஷின்கள் 50. பாட்டு ஃபிரேமுக்கு ஒரு அடிதான் நகரும், 150 அப்படியே 125 ஆகிவிடும். சுருதி சிபியு கடிகாரத்தைப் பொறுத்தது. அசலில் 1.79 மெகாஹெர்ட்ஸ், நகலில் 1.773, அந்த இடைவெளிதான் உங்கள் 16 சென்ட்.

ட்ராக்கரில் ஸ்பீட் (ஒரு வரிக்கு எத்தனை ஃபிரேம்) 6 இருந்தால் 5 ஆக்குங்கள், மெஷினில் சரியாக 150 வரும். சுருதிக்கு மெஷினோடு மல்லுக்கட்டாமல் கிட்டாரின் ஏ ஸ்வரத்தை வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து 436க்கு இறக்குங்கள். ஆர்ப்பெஜியோ, விப்ரேட்டோ போன்ற ஸ்வர அசைவுகள் மட்டும், ஃபிரேம் கணக்கில் ஓடுவதால், கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், நம் காது வளர்ந்ததே அந்த வேகத்தில்.

போரூர் பேஸ்:
எதற்கு இவ்வளவு பாடு? எமுலேட்டர் ஒலியையே போடுங்கள், கேட்கிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

சைதை கிட்டார்:
மெஷினின் கரகரப்பு வேண்டும் என்றுதானே இவ்வளவும்! மாமா, இன்னொன்று. டிஸ்டார்ஷன் கிட்டார் வந்ததும் மெலடி அமுங்கிப் போகிறது, எமுலேட்டரில் 25 சதவீத டூட்டி (ஒவ்வொரு அலையிலும் மேலே நிற்கும் பங்கு) நன்றாக வெட்டிக்கொண்டு வந்தது.

எட்டு பிட் மாமா:
சில நகல் சிப்களில் 25, 50 இரண்டும் இடம் மாறியிருக்கும். ஒரே ஸ்வரத்தை இரண்டிலும் வாசித்துப் பாருங்கள், உங்கள் 25 தடித்து, 50 மெலிந்து கேட்டால் அதுதான் விஷயம். அப்புறம் மெலடியை ஒரு ஆக்டேவ் ஏற்றி, 12.5 சதவீதமும் முயன்று பாருங்கள். கிட்டாரின் பவர் கார்ட் (கூட்டு ஸ்வரம்) நிறைந்திருக்கும் இடத்தில் தடித்த ஸ்கொயர் வேவ் நுழைந்தால் இரண்டுமே கெடும். பேஸுக்கு மெஷினின் ட்ரையாங்கிள் (முக்கோண அலை) சேனலை நம்பாதீர்கள், அதற்கு வால்யூம் கட்டுப்பாடே கிடையாது, நிஜ பேஸ் கிட்டாருக்கு அடியில் லேசாகக் கலந்தால் போதும்.

சைதை கிட்டார்:
இடம் மாறித்தான் இருக்கிறது! மாற்றிப் போட்டதும் மெலடி கிட்டாரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ஸ்பீட் 5இல் ட்ரம்மரும் சமாதானம். கீபோர்டுக்காரர்தான் மாஸ்டர் ட்யூனை 436க்கு இறக்க மாட்டேன் என்று இன்னும் அடம் பிடிக்கிறார்.