சென்டாருக்குத் தமிழ்ச்சொல்: வந்தாரா, வந்ததா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ரோல்பிளே கேம்பெயினுக்காக, அதாவது ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் தொடர் கதையாட்டத்துக்காக, கிரேக்கப் புராணத்துச் சென்டார் கதைகளைத் திரட்டிவரும் நண்பர் கேட்டிருந்தது இது:

> சென்டாருக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும். எங்கள் ஆட்டத்தில் அவர்கள் தனி இனம். பேசுவார்கள், சண்டைபோடுவார்கள், பெண்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் ‘இடுப்புக்குக் கீழே குதிரை, மேலே மனிதன்’ என்று விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை.

இதுவரை வந்த பரிந்துரைகள்: குதிரைமனிதன், நரதுரகம், பரிமானிடன், கின்னரர், ஆட்பரி (துரகம், பரி இரண்டும் குதிரைதான்). சென்டார் என்றே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. இவற்றில் எது காதுக்கு இனிமை என்றே மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. ஆட்டத்தை நடத்துகிறவர் ‘காட்டுக்குள்ளிருந்து ஒரு சென்டார்...’ என்று தொடங்கினால், அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பார்? வந்தாரா, வந்தானா, வந்ததா? வினைமுற்று வந்தாலே திணையும் வந்துவிடும். நழுவ முடியாது.

‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்கிறது தொல்காப்பியம். நன்னூல் இன்னும் கொஞ்சம் கதவைத் திறந்து, மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணையில் சேர்க்கிறது. நான்கு குளம்பும் இரண்டு கையும் உள்ளவர் இதில் எங்கே நிற்கிறார்? இதற்கு விடை சொல்லிவிட்டால் பாதிச் சொல் கிடைத்துவிடும்.

இந்தக் கேள்வி கிரேக்கர்களையும் விடவில்லை. ஹோமரின் இலியத் காவியத்தின் முதல் காண்டத்தில் முதியவர் நெஸ்டர் தம் இளமைக்காலப் போரைச் சொல்லும்போது, சென்டார்களை மலையில் வாழும் விலங்குகள் என்கிறார். அதே காவியத்தின் பதினோராம் காண்டத்தில், அக்கிலீசுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்த கைரோன் ‘சென்டார்களில் மிகவும் அறம் சார்ந்தவர்’ என்று போற்றப்படுகிறார். ஒரே காவியத்தில் ஒரு கூட்டம் விலங்கு, அதே கூட்டத்தில் ஒருவர் ஆசான். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியிலோ யூரிட்டியான் என்ற சென்டார் விருந்து வீட்டில் குடித்துவிட்டு வெறியாட்டம் போட்டு, காதும் மூக்கும் அறுபட்டு வெளியே தள்ளப்படுகிறான்.

பிறப்புக் கதைகளிலும் இதே பிளவுதான். இக்சியான் என்ற அரசன், தேவர்களின் அரசன் சியூசின் மனைவி ஹீராமேல் ஆசை வைத்தான். சியூஸ் ஒரு மேகத்துக்கு ஹீராவின் உருவம் கொடுத்து அவனிடம் அனுப்பினார். அந்த மேகத்துக்குப் பிறந்தவன் கென்டாரோஸ். அவன் பீலியன் மலையடியில் மக்னீசியக் குதிரைகளோடு கூடிப் பிறந்த கூட்டம்தான் சென்டார்கள், கீழ்ப்பாதி தாயைப்போல், மேல்பாதி தந்தையைப்போல் என்று கிரேக்கக் கவி பிண்டார் பாடுகிறார். கைரோன் இந்த வழியில் வந்தவரே அல்லர். குதிரை வடிவெடுத்த குரோனசுக்கும் (சியூசின் தந்தை) பிலிரா என்ற நீர்மகளுக்கும் பிறந்தவர், அதாவது சியூசுக்கு ஒருவகையில் அண்ணன் தம்பி உறவு. போலஸ் என்ற சென்டார் இன்னொரு வழி: காட்டுத் தெய்வமான சைலீனசுக்கும் மரத்தில் உறையும் ஒரு தேவதைக்கும் பிள்ளை. உடம்பு ஒன்று, குலம் மூன்று. கேம்பெயின் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. மூன்று குலத்துக்கும் மூன்று குணம், மூன்று ஊர், ஒருவர்மேல் ஒருவருக்குக் கசப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

சிற்பிகளும் ஓவியர்களும்கூட இதைக் காட்டியிருக்கிறார்கள். பழைய குவளை ஓவியங்களில் கைரோனுக்குப் பெரும்பாலும் முன்னங்கால்கள் மனிதக் கால்களாகவே இருக்கும், உடையும் உடுத்தியிருப்பார். மற்றவர்கள் அம்மணமாக, நான்கு குதிரைக்கால்களோடு, கையில் பிடுங்கிய மரத்தோடு நிற்பார்கள். யூபியா தீவின் லெஃப்கண்டியில் கிடைத்த சுடுமண் சென்டார் கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தலை ஒரு கல்லறையிலும் உடல் வேறொரு கல்லறையிலும் கிடைத்தன. அதன் முன்னங்கால் முட்டியில் வேண்டுமென்றே கீறிய வெட்டு ஒன்று இருக்கிறது. கிரேக்க வீரன் ஹெராக்ளீசின் அம்பு கைரோனைத் தாக்கிய கதையோடு அந்தக் காயத்தைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு இந்தப் பொம்மைமேல் தனிப் பிரியம். கதை ஏட்டில் ஏறுவதற்கு முன்பே யாரோ ஒருவர் ஈரமண்ணில் அந்தக் கீறலைப் போட்டிருக்கிறார்.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

கின்னரர் வேண்டாம். கின்னரர் என்றதும் தமிழ் வாசகருக்கு யாழும் இசையும்தான் நினைவுக்கு வரும், பதினெண்கணத்தில் ஒரு கணம் நினைவுக்கு வரும். வடமொழி மரபில் குதிரைமுகக் கின்னரர் உண்டு என்றாலும் அது தலை குதிரை, உடல் மனிதன். சென்டார் நேர்மாறு. வானுலகத்துப் பாடகர்களையும் பீலியன் மலைக் காட்டையும் ஒரே சொல்லில் கட்டினால் இரண்டு மரபுக்கும் நட்டம். ஆட்டத்தில் கின்னரர் வேண்டுமென்றால் தனி இனமாகவே வரட்டும்.

நரதுரகம் பிழையில்லாத சொல். இந்தியில் சென்டாரஸ் விண்மீன்குழுவை நரதுரங்கம் என்றுதான் வழங்குகிறார்கள். ஆனால் அது ‘அம்’ ஈற்றுச் சொல். ‘நரதுரகம் சிரித்தாள்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், ஒட்டாது.

ஆட்பரியைப் பரிந்துரைத்தவர் நல்ல முன்மாதிரி ஒன்றைப் பிடித்திருக்கிறார். திருமங்கையாழ்வார் நரசிங்கத்தை ‘அங்கண் ஞாலம் அஞ்ச அங்கோர் ஆளரியாய்’ என்று பாடுகிறார். ஆள் + அரி (சிங்கம்) ஆளரி, ஆள் + பரி ஆட்பரி. புணர்ச்சி சரி, நாக்கிலும் நிற்கும். சிக்கல் ஒன்றுதான்: தொகையில் பின்னால் நிற்பது பரி. ஆளாக இருக்கும் குதிரை என்றுதான் பொருள் போகும். கூடவே ‘அது’ என்று சொல்லத் தோன்றும்.

ஆகவே என் பரிந்துரை: பரிமக்கள். ஒருமையில் ஆணுக்குப் பரிமகன், பெண்ணுக்குப் பரிமகள். மூன்று வடிவமும் கையில் தயாராக இருக்கின்றன, புதிதாக விகுதி தேடவேண்டாம். மலைமகள், அலைமகள் என்று பழகிய காதுக்குப் பரிமகள் அந்நியமாகப் படாது. தொல்காப்பியர் சொன்ன ‘மக்கட் சுட்டு’ சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் திணைக் குழப்பமும் இல்லை. பரிமானிடனில் இல்லாத வசதி பெண்பால்தான். பெண் சென்டார்களை ஒதுக்கிவிடவும் முடியாது. சூக்சிஸ் என்ற ஓவியர் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பெண் சென்டாரை வரைந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் லூசியன் எழுதியிருக்கிறார். ரோமக் கவி ஓவிட் சொல்லும் ஹைலோனோமி, போரில் விழுந்த தன் காதலன் சில்லாரசைத் துளைத்த அதே ஆயுதத்தின்மேல் விழுந்து இறக்கிறாள். அவளுக்கு ‘அது’ போட எனக்குக் கை வராது.

> பரிமகன் என்றால் குதிரைக்குப் பிறந்த மகன் என்று ஆகிவிடாதா?

ஆகும், ஆகட்டும். பிண்டார் சொல்லும் கூட்டம் குதிரைக்குப் பிறந்தவர்கள்தாமே. கைரோனின் தந்தையும் குதிரை வடிவில் இருந்தவர். இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

ஆட்பரியைத் தூக்கி எறியவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதை ஆட்டநடத்துநர் கவனிக்கவேண்டும். ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’ என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. கோபத்திலும் இழிவுபடுத்தும்போதும் திணை மாறிப் பேசுவது தமிழில் இயல்பு. பரிமக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது பரிமக்கள். அவர்களோடு பகைகொண்ட லாப்பித்து என்ற மனித இனத்தார் சொல்வது ஆட்பரி, அதுவும் அஃறிணை முடிவோடு. ‘ஆற்றங்கரையில் ஓர் ஆட்பரி நிற்கிறது’ என்று படகோட்டி சொன்னால் போதும், அவன் எந்தப் பக்கம் என்று ஆடுகிறவர்களுக்கு விளக்கமில்லாமலே தெரிந்துவிடும். பிறகு அதே படகோட்டி ஒருநாள் ‘நிற்கிறார்’ என்று சொன்னால், அந்த ஒரு விகுதியில் ஒரு சமாதான உடன்படிக்கையே இருக்கும்.

பகைக்குக் காரணம் வேண்டுமென்றால் பிரித்தோசின் திருமணம் இருக்கிறது. லாப்பித்து அரசன் அவன், சென்டார்கள் உறவுமுறையில் வந்த விருந்தினர்கள். மது உள்ளே போனதும் மணப்பெண்ணையே தூக்கப் பார்த்தார்கள். ஆயுதத்தால் துளைக்கமுடியாத உடம்பு கொண்ட லாப்பித்து வீரன் கைனியசை மரங்களால் அடித்தடித்து உயிரோடு மண்ணுக்குள் இறக்கினார்கள். ஏதென்சின் பார்த்தினான் கோயிலின் தென்புறச் சதுரச் சிற்பங்களும், ஒலிம்பியாவில் சியூஸ் கோயிலின் மேற்கு முகப்பும் இந்தப் போரைத்தான் காட்டுகின்றன.

ஆனால் கேம்பெயினில் முதலில் வரவேண்டியது போலசின் குகைதான் என்பேன். ஹெராக்ளீஸ் விருந்தாளியாக வருகிறார். போலஸ் அவருக்கு இறைச்சியைச் சுட்டுக் கொடுத்துவிட்டுத் தான் பச்சையாகத் தின்கிறார். மதுச்சாடி இருக்கிறது, அது எல்லாச் சென்டார்களுக்கும் பொது. ஹெராக்ளீஸ் வற்புறுத்தித் திறக்கவைத்ததும் வாசனை மலையெங்கும் பரவி, கல்லும் மரமுமாகக் கூட்டம் பாய்ந்து வருகிறது. சண்டை ஓய்ந்தபின், இவ்வளவு பெரிய உடம்பை இவ்வளவு சிறிய அம்பு எப்படிச் சாய்த்தது என்று வியந்து, போலஸ் ஒரு பிணத்திலிருந்து அம்பைப் பிடுங்கிப் பார்க்கிறார். கை நழுவுகிறது. அம்பு காலில் விழுகிறது. நுனியில் ஹைட்ரா என்ற பலதலைப் பாம்பின் நஞ்சு. விருந்தாளிக்காகச் சமைத்தவர் வியப்பினாலே சாகிறார். இந்தக் காட்சியை ஆடியவர்கள் அதற்கப்புறம் பரிமக்களை வெறும் எதிரிப் படையாகப் பார்க்கமாட்டார்கள்.

வயதுக் கணக்கைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். சென்டார் இருக்கவே முடியாது என்று வாதிட்ட ரோமக் கவி லுக்ரீசியஸ் சொன்ன காரணமே இதற்கு உதவும்: மூன்று வயதில் குதிரை முழு வளர்ச்சி அடைந்துவிடும், அதே வயதில் மனிதக் குழந்தை தூக்கத்திலும் தாய்ப்பாலைத் தேடும். ஆட்டத்தில் இதை மறுக்கவேண்டாம், விதியாகவே வைத்துவிடுங்கள். கால்கள் காட்டைத் தாண்டும் வலிமை பெற்றபின்னும் மேலே இருப்பது மழலை. அந்த வயதுப் பிள்ளைகளை ஒரு குலம் எப்படிக் காவல் காக்கும் என்று யோசித்தாலே ஓர் ஊர் உருவாகிவிடும்.

வானியல் நண்பருக்கு: 1977இல் கண்டுபிடிக்கப்பட்ட கைரோன் உள்ளிட்ட, வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களுக்கு இந்தச் சொல்லைப் போடவேண்டாம். பாறைக்கு மக்கள் விகுதி கூடாது. அங்கே சென்டார் என்பதே இருக்கட்டும்.

மீதி இருப்பது கழுதையுடல் கொண்ட ஓனோசென்டார். கழுதைமக்கள் என்பது வசையாக ஒலிக்கிறது. கழுதைக்கு அத்திரி என்றொரு பழஞ்சொல் இருக்கிறது, கோவேறு கழுதையையும் அது குறிக்கும். அத்திரிமக்கள் என்று வைத்தால் முனிவர் பெயரோடு மோதுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை கலைச்சொல் பட்டியலில் பரிமகன், பரிமகள், பரிமக்கள் மூன்றையும், வசைச்சொல் என்ற குறிப்போடு ஆட்பரியையும் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்.