நியோபியம் படலத்தின் மேல் செம்பு: காந்தச் சுழல்களைத் தடுப்பது எது?

வணக்கம். மீக்கடத்திகளில் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்களில்) வேலை செய்பவர்கள் இருந்தால் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

எங்களிடம் இருப்பது நியோபியம் என்ற மீக்கடத்தி உலோகத்தின் மென்படலம். ஒரு பாதியில் மட்டும் செம்புப் பூச்சு. 4 கெல்வின் அளவில் காந்தப்புலத்தை மெதுவாக ஏற்றி, காந்த ஒளியியல் முறையில் (காந்தப்புலம் எங்கே நுழைந்தது என்பதை ஒளியால் காட்டும் முறை) படம் எடுக்கிறோம். பூச்சு இல்லாத பக்கம் காந்தச் சுழல்கள், அதாவது மீக்கடத்திக்குள் காந்தப்புலம் நுழையும் மெல்லிய இழைகள், மின்னல் மாதிரி திடீரெனக் கிளைவிட்டுப் பாய்கின்றன. செம்பின் விளிம்பை எட்டியதும் பல கிளைகள் வளைந்து ஒதுங்கிவிடுகின்றன. சில மட்டும் உள்ளே சிறிது தூரம் போய் நின்றுவிடுகின்றன. பார்க்கவே அவ்வளவு அழகு!

காரணம்தான் பிடிபடவில்லை. வேகமாக நகரும் சுழல்கள் செம்பில் எடி மின்னோட்டத்தை (மாறும் காந்தப்புலம் உலோகத்தில் உண்டாக்கும் சுழல் மின்னோட்டம்) தூண்டும், அது பிரேக் போடும். சரி. ஆனால் செம்பு வெப்பத்தையும் உறிஞ்சிப் பரப்புகிறதே! அப்புறம், கூப்பர் இணைகள் (மீக்கடத்தலைத் தரும் எலக்ட்ரான் ஜோடிகள்) செம்புக்குள் கசிவதால் மீக்கடத்தல் சற்று பலவீனமாகும். நடுவில் மெல்லிய மின்காப்பு அடுக்கு வைத்து இந்தக் கசிவை நிறுத்திவிடலாம். மற்ற இரண்டையும், அதாவது எடி பிரேக்கையும் வெப்பப் பரவலையும், எப்படிப் பிரிப்பது?

செம்புக்குப் பதில் அதே தடிமனில் கடத்துதிறன் குறைந்த உலோகக்கலவையைப் பூசலாமா என்று பார்த்தேன். ஆனால் விடமன்-ஃபிரான்ஸ் விதிப்படி (உலோகங்களில் மின்கடத்தலும் வெப்பக் கடத்தலும் சேர்ந்தே கூடும், குறையும் என்ற விதி) வெப்பக் கடத்தலும் சேர்ந்தே குறைந்துவிடும். செம்புத் தகட்டைப் படலத்தில் ஒட்டாமல், வெற்றிடத்தில் சிறு இடைவெளி விட்டு வைப்பதுதான் நல்ல வழி என்று படுகிறது; வெப்பம் செம்புக்குப் போகாது, எடி பிரேக் மட்டும் இருக்கும். இடைவெளி கிளையின் அகலத்தைவிடச் சிறிதாக இருந்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.