எச்பிவி வந்து போனவங்க சொல்லுங்க: “தென்படல”ன்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?

மாலைமேகம்:
மூணு வருஷம் முன்னாடி எச்பிவி பாசிட்டிவ். உடலுறவு மூலமா பரவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய வைரஸ் அது. எனக்கு வந்தது ஆபத்து அதிகமான 16ஆம் வகை. செல்களை எடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியர் நார்மல்தான், ஆனா 16ங்கிறதால நேரா கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிசாக்கிப் பார்க்கிற சோதனை. “கொஞ்சம் எரியும்மா”ன்னு சொல்லிட்டு பஞ்சுல தொட்டுத் தடவினாங்க. அறை முழுக்க வினிகர் வாசனை. பக்கத்துத் திரையில எல்லாம் இளஞ்சிவப்பா இருந்துச்சு. ஒரு நிமிஷம் போயிருக்கும், ஓரமா ஒரு வெள்ளைத் திட்டு மெல்லத் தெளிஞ்சு வந்துச்சு. என் உடம்புக்குள்ள இருக்கிறதை நானே பார்த்துட்டு இருக்கேன். டாக்டர் ஒண்ணும் பேசல.

பயாப்சியில சிஐஎன் 1, அதாவது கர்ப்பப்பை வாய் செல்கள்ல லேசான மாற்றம். அது பெரும்பாலும் தானாவே சரியாயிடும், சிகிச்சை வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னாங்க. அடுத்தடுத்து போய்ப் பார்த்தேன். போன மாசம் ரிப்போர்ட்ல “கண்டறியப்படவில்லை”. “அப்போ போயிடுச்சா மேடம்?”னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, “டெஸ்ட்டுக்குத் தென்படலம்மா”ன்னாங்க. அந்த ஒரு வார்த்தை இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. உங்க யாருக்காவது இப்படிச் சொன்னாங்களா?

ஆழ்கிணறு:
எனக்கும் அதேதான் சொன்னாங்க. தடுப்பூசி போட்டாச்சேன்னு பல வருஷம் டெஸ்ட்டே எடுக்காம இருந்தேன், அப்புறம் பாசிட்டிவ். என் கதை அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு, நல்ல ரிப்போர்ட் வந்துடுச்சுன்னு விட்டுடாதீங்க. இந்த டெஸ்ட், எடுத்த செல்கள்ல வைரஸோட டிஎன்ஏ இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். முழுசா அழிஞ்சிருக்கலாம், டெஸ்ட்டுல சிக்காத அளவுக்கு அடங்கியும் இருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல அதால முடியாது. உலக சுகாதார நிறுவனம் 30 வயசுல இருந்து 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொல்றது பொதுவான கணக்கு. எச்ஐவி இருக்கிறவங்களுக்கு 25 வயசுல இருந்தே, 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. நீங்க 16 வந்து சிஐஎன் பார்த்தவங்க, உங்க டாக்டர் சொல்ற இடைவெளியைத்தான் பிடிச்சுக்கணும். தடுப்பூசி ஏற்கெனவே வந்த தொற்றைக் கலைக்காது, அதை நம்பியும் உட்காராதீங்க. சிகரெட் பழக்கம் இருந்தா இன்னிக்கே விடுங்க, தொற்று தங்கிப்போக அதுவும் ஒரு காரணம். அப்புறம் வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியட்டும்.

கல்வாழை:
ஆழ்கிணறு, அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. அந்த ஒரு கேள்வியில என் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

கல்யாணமாகி 12 வருஷம். ரிப்போர்ட்டை அவர்கிட்ட நீட்டினேன். முழுசாப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டி மடிச்சு மேசைமேல வச்சுட்டு, “யார்கிட்ட இருந்து?”ன்னார். சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

எப்போ வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. வருஷக்கணக்கா அடங்கிக் கிடந்தது திடீர்னு தென்படலாம். அவருக்கு முன்னாடியே வந்து, அவர் எனக்குக் கொடுத்திருக்கலாம், அவருக்கே தெரியாம. இதையெல்லாம் டாக்டர் சொன்னப்போ நான் மட்டும்தான் அறையில இருந்தேன். அவர் வெளியில உட்கார்ந்திருந்தார்.

சாலைமரம்:
நான் அந்தப் பக்கத்து ஆள். மனைவிக்கு பாசிட்டிவ்னு தெரிஞ்சதும் எனக்கும் டெஸ்ட் எடுங்கன்னு கேட்டுப் போனேன். ஆண்களுக்குன்னு வழக்கமா எடுக்கிற எச்பிவி டெஸ்ட்டே கிடையாதுன்னாங்க. மரு மாதிரி ஏதாவது தெரிஞ்சா வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அதனால ஆழ்கிணறு சொல்ற மாதிரி யாரும் எடுத்துப் பார்த்துத் தெரிஞ்சுக்க வழியில்லை. அவ அடிக்கடி போய்ப் படுத்து டெஸ்ட் கொடுக்கிறா, நான் வெளியில பையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேட்டுட்டு நானும் உள்ள போய் உட்கார்ந்தேன். அவ என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிருந்துச்சு.

ஆழ்கிணறு:
எனக்கு அது தெரியல. அந்த வரியை நீக்கிடறேன். கல்வாழை, மன்னிச்சுக்கோங்க.

மாலைமேகம்:
நான் கேட்டதுக்கு பதில் கிடைச்சிடுச்சு. 10 பேருக்கு வந்தா 9 பேருக்கு ரெண்டு வருஷத்துல உடம்பே அடக்கிடும்னு அன்னிக்கே சொன்னாங்க, வெள்ளைத் திட்டைப் பார்த்த பயத்துல என் காதுல ஏறல. “தென்படல”ங்கிறதை நல்ல சேதியாவே எடுத்துக்கறேன், சொன்ன தேதிக்குப் போயிடறேன்.

கல்வாழை, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போறப்போ அவரையும் உள்ள கூட்டிட்டுப் போக முடியுமா? முடிஞ்சா வந்து சொல்லுங்க.